ஊசி மருந்தும் அலகுக் கணக்கும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சேஷாசல மலைச்சாரலை அடுத்த ஊர்களுக்குப் பாம்புக்கடி புதிய செய்தியன்று. கடியுண்டவர் ஒருவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டுவந்து, விஷமுறிவுச் சீரத்தைச் சிரை வழியாகச் செலுத்தத் தொடங்கிய சில நிமிஷங்களில், அவருடைய உடம்பெங்கும் தடிப்புகள் தோன்றி, மூச்சுத் திணறி, நாடி தளர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பாம்பின் விஷத்தால் நேர்ந்ததன்று. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சீரத்தை உடல் ஏற்க மறுப்பதால் விளைந்த ஒவ்வாமை அதிர்ச்சியாகும். அந்நிலையில் சீரத்தை உடனே நிறுத்தி, அட்ரினலின் மருந்தில் 0.5 மில்லிகிராம் தசையில் ஊசியாகப் போடவேண்டும் என்பது பாம்புக்கடிச் சிகிச்சைக்கென நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள முறை. நோயாளி சற்றுத் தெளிந்தபின் 108 வண்டியில் திருப்பதிக்கு அனுப்பப்படுகிறார்.

இந்த ஒரே ஊசி மூன்று இடங்களில் எழுதப்படவேண்டியிருக்கிறது. முதலாவது, நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு. இரண்டாவது, மருந்துக் கிடங்கின் இருப்புப் பதிவேடு. மூன்றாவது, பணம் கொடுப்பவருக்குச் செல்லும் பில். சிகிச்சைக் குறிப்பில் மில்லிகிராம் என்றும், பதிவேட்டில் குப்பி என்றும், பில்லில் அலகு என்றும் எழுதுவர். மூன்றும் ஒரே பொருளைக் குறித்தாலும் மூன்றின் எண்களும் வேறு. இவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டுவிட்டால் பணக்கணக்கு மட்டுமே கெடும் என்று எண்ணலாகாது. அடுத்து வரும் மருத்துவர் அவ்வெண்ணைப் பார்த்தே அடுத்த ஊசியின் அளவைத் தீர்மானிப்பராகலின், உயிருக்கும் ஊறு நேரக்கூடும். இம்மருந்துகள் யாவை, அவற்றின் அளவு எவ்வாறு எழுதப்படுகிறது, அவ்வளவு எவ்வாறு குறியீடாக மாறுகிறது என்பனவற்றை இங்கு விளக்க முயல்வோம்.

இரத்த அழுத்தம் தாழ்தல்

இரத்த அழுத்தம் என்றவுடன் அது மிகுதலையே நாம் நினைக்கிறோம். அது தாழ்தலே உடனடி ஆபத்து. இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம் 80, விரியும்போது 50 என்றிருப்பின், அதன் சராசரியை வெறுமனே கூட்டி இரண்டால் வகுத்துக் காண்பதில்லை. இதயம் விரிந்திருக்கும் நேரம் சுருங்கும் நேரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்காகையால், 50ஐ இருமுறையும் 80ஐ ஒருமுறையும் கூட்டி மூன்றால் வகுக்கவேண்டும். 180ஐ மூன்றால் வகுத்தால் 60 ஆகிறது. நச்சுக்கிருமி இரத்தத்தில் பரவியதால் உண்டாகும் அதிர்ச்சியில் இச்சராசரியை முதற்கண் 65க்குக் கொண்டுவருவதே நோக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் கீழே நெடுநேரம் நின்றால் சிறுநீரகமும் மூளையும் போதிய இரத்தம் பெறா.

சிரை வழியே உப்புநீர் செலுத்தியும் அழுத்தம் ஏறாவிடில், இரத்தக் குழாய்களைச் சுருக்கியோ இதயத்தின் விசையைக் கூட்டியோ அதனைத் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் தேவையாகின்றன. அட்ரினலின், நாரட்ரினலின், டோப்பமின், டோபியூட்டமின், வாசோபிரசின், பினைலெப்ரின் ஆகியவை இவ்வகையின. இவற்றுள் டோபியூட்டமின் முதன்மையாக இதயத்தை உந்துவது. பினைலெப்ரின் குழாயைச் சுருக்குவது. அட்ரினலின் இரண்டையும் செய்வது. இவ்வகை முழுவதற்கும் பொதுவாக அமைந்த தமிழ்ப்பெயர் வழக்கில் நிலைபெறவில்லை. 'நாளச்சுருக்கி' என்று சிலர் எழுதுகின்றனர். அது டோபியூட்டமினுக்குப் பொருந்தாது. ஆகவே 'அழுத்தம் தாங்கும் மருந்து' என்னும் சொற்றொடரையே இக்கட்டுரையில் கையாண்டிருக்கிறோம்.

ஜப்பானிய விஞ்ஞானி ஜோகிச்சி தாகமினே அட்ரினலினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தது 1901ஆம் ஆண்டில். நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படுவது நாரட்ரினலினே என்பதை ஸ்வீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர் 1946இல் கண்டறிந்தார். நெடுங்காலம் டோப்பமினே பல மருத்துவமனைகளில் முதலில் கையாளப்பட்டு வந்தது. 1,679 நோயாளிகளிடம் இவ்விரு மருந்துகளையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இறந்தோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடுதல் டோப்பமின் பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கும், நாரட்ரினலின் பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும் நேர்ந்தது. அதன்பின் நாரட்ரினலின் முதலிடம் பெற்றது.

எல்லா அதிர்ச்சிக்கும் இம்மருந்துகள் ஏற்றவையல்ல என்பதையும் இடையே சொல்லிவிட வேண்டும். செந்தேள் கொட்டியவருக்கு உடலே மிகுதியான அட்ரினலினைச் சுரந்து குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. மேலும் சுருக்கும் மருந்து தீங்கே செய்யும். குழாயைத் தளர்த்தும் பிராசோசினை இதற்குப் பயன்படுத்தி உயிரிழப்பைக் குறைத்தவர் மகாராஷ்டிரத்தின் மகாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். இதயம் தளரும் நிலை வந்தால் டோபியூட்டமின் தரப்படுவதுண்டு.

குப்பியின் மேல் எழுதியிருப்பது

அட்ரினலின் குப்பியின்மேல் 'ஆயிரத்தில் ஒன்று' என்னும் விகிதம் நெடுங்காலமாக அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. 1,000 மில்லிலிட்டர் நீரில் 1 கிராம் மருந்து என்பது இதன் பொருள். ஒரு கிராம் 1,000 மில்லிகிராம் ஆகையால், 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ளது. 'பத்தாயிரத்தில் ஒன்று' என்றிருப்பின் அதே 1 மில்லிலிட்டரில் 0.1 மில்லிகிராமே உள்ளது. எனவே 0.5 மில்லிகிராம் வேண்டுமாயின், முதற் குப்பியிலிருந்து அரை மில்லிலிட்டரும், இரண்டாவதிலிருந்து 5 மில்லிலிட்டரும் எடுக்கவேண்டும். பெரிய எண்ணைக் கண்டு பெரிய செறிவு என்று மயங்குவது மனித இயல்பு. இங்கோ எண் பெரிதாகச் செறிவு குறைகிறது. இம்மயக்கத்தால் விபத்துகள் நேர்வதைக் கருதி, அமெரிக்க நாட்டில் 2016 மே மாதம் முதல் அட்ரினலின் போன்ற தனி மருந்துகளின் உறைகளில் விகிதத்தை நீக்கி, மில்லிகிராமில் மட்டும் எழுதவேண்டுமென்று விதித்தனர். பள்ளியில் விகிதக் கணக்கு நடத்தும் ஆசிரியர்க்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நாரட்ரினலினில் மயக்கம் வேறு வகையினது. அது குப்பியில் தனித்து நில்லாமல் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்த உப்பாக இருக்கிறது. அவ்வுப்பு 2 மில்லிகிராம் எடுத்தால் அதிலுள்ள மூலமருந்து ஏறக்குறைய 1 மில்லிகிராமே. ஒரு நிறுவனம் உப்பின் எடையை முன்னிறுத்தியும், மற்றொன்று மூலமருந்தின் எடையை முன்னிறுத்தியும் அச்சிடுமாயின், ஒரே மருந்து ஒரு குப்பியில் 4 என்றும் இன்னொன்றில் 2 என்றும் காணப்படும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு நிமிஷத்திற்கு 0.1 மைக்ரோகிராம் வீதம் நாரட்ரினலின் செலுத்துவதாகக் கொள்வோம். நிமிஷத்திற்கு 6 மைக்ரோகிராம்; மணிக்கு 360 மைக்ரோகிராம், அதாவது 0.36 மில்லிகிராம், ஒரு நாளில் 8.64 மில்லிகிராம். மூலமருந்து 2 மில்லிகிராம் கொண்ட குப்பிகளாயின் ஐந்து குப்பிகள் திறக்கப்படும். இதனையே உப்பின் எடையில் எழுதினால் 17.28 மில்லிகிராம் என்றாகும். பதிவேட்டில் 'நாரட்ரினலின் 17 மில்லிகிராம்' என்று மட்டும் எழுதியிருப்பின், நோயாளி எவ்வளவு மருந்து பெற்றார் என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலாது. மூலமா உப்பா என்னும் ஒரு சொல்லை எழுதுவதில் உழைப்பு ஏதுமில்லை.

நோய்க்கும் செயலுக்கும் மருந்துக்கும் தனித்தனிக் குறியீடு

மருத்துவமனைகளில் எழுதப்படுவனவற்றைக் குறியீடுகளாக மாற்றுவதற்கு உலகில் பல அட்டவணைகள் உள்ளன. நோய்களுக்கானது மிகப் பழையது. 1893இல் பெர்ட்டியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இறப்புக் காரணங்களுக்கு வகுத்த பட்டியலே அதன் வித்து. உலக சுகாதார நிறுவனம் 1948இல் அதன் ஆறாம் திருத்தத்தை ஏற்று வெளியிட்டது. பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதிலும், பத்தாம் திருத்தமே இன்னும் பல இடங்களில் வழங்குகிறது.

நாம் தொடக்கத்தில் கண்ட நோயாளிக்குப் பத்தாம் திருத்தத்தில் பாம்பு விஷத்திற்கு டி 63.0 என்னும் குறியீடு உண்டு. ஒவ்வாமை அதிர்ச்சிக்குப் பொதுவான குறியீடு டி 78.2 எனினும், அதனை இங்கு இடுதல் பிழை. ஏனெனில் சீரத்தால் நேர்ந்த ஒவ்வாமை அதிர்ச்சிக்கென்றே டி 80.5 என்னும் தனிக் குறியீடு அமைந்துள்ளது. இதயத் தளர்ச்சியால் வரும் அதிர்ச்சி ஆர் 57.0, இரத்தமோ நீரோ குறைவதால் வருவது ஆர் 57.1. குறியீட்டாளர் சிகிச்சைக் குறிப்பைப் படித்து இவற்றுள் சரியானதைத் தெரிந்தெடுக்கிறார். 'அழுத்தம் குறைந்தது, ஊசி போடப்பட்டது' என்று மட்டும் எழுதியிருப்பின் அவர் என் செய்வார்?

இவ்விடத்தில் அத்தொழிலின் தலையாய விதி வருகிறது. நாரட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது என்னும் செய்தியைக் கொண்டு, நோயாளிக்கு அதிர்ச்சி இருந்தது என்று குறியீட்டாளர் தாமே முடிவு செய்தல் கூடாது. மருத்துவர் தம் கைப்பட நோயைப் பெயரிட்டு எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லையெனில் அவரை வினவவேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. அமெரிக்காவில் வெறும் தாழ்ந்த இரத்த அழுத்தம் என்னும் குறியீடு மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையைக் கூட்டுவதில்லை. அதிர்ச்சி என்னும் குறியீடோ பெரிதும் கூட்டவல்லது. ஒரு சொல்லில் பெரும்பணம் தங்கியிருக்கும்போது அச்சொல்லை எழுதும் உரிமை நோயாளியைப் பார்த்தவரிடமே இருத்தல் முறை.

மருந்தைச் செலுத்தும் செயலுக்கு அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் வழங்கும் குறியீடு ஏழு எழுத்துகளால் ஆனது. அழுத்தம் தாங்கும் மருந்தைப் புறச்சிரை வழியாகச் செலுத்துதல், 3 ஈ 0 3 3 எக்ஸ் இசட் என்று எழுதப்படும். முதல் 3, மருந்தளித்தல் என்னும் பகுதியைக் குறிப்பது, ஈ, உடலமைப்பு, 0, உட்செலுத்துதல், அடுத்த 3, புறச்சிரை, அதற்கடுத்த 3, தோலைத் துளைத்துச் செல்லும் வழி, எக்ஸ், அழுத்தம் தாங்கும் மருந்து, இசட், வேறு விவரம் இல்லை என்பது. நடுச்சிரை வழியாயின் நான்காம் இடத்தில் 3க்குப் பதிலாக 4 வரும். ஓர் இலக்க வேறுபாடுதானே என்று தோன்றலாம். நாரட்ரினலின் கைச்சிரையிலிருந்து வெளியே கசிந்தால் அவ்விடத்துத் தசை கருகிப்போகும் அபாயம் உண்டென்பதை அறிந்தவர் அவ்வாறு கருதமாட்டார். இந்த அட்டவணையில் ஐ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளை அறவே விலக்கியிருக்கின்றனர். அவை 1, 0 என்னும் இலக்கங்களோடு மயங்கும் என்பதே காரணம்.

மருந்துக்கான குறியீடு மூன்றாவது. அமெரிக்கப் பட்டியலில் ஊசி மருந்துகள் பெரும்பாலும் ஜே என்னும் எழுத்தில் தொடங்கும். அங்கே ஒவ்வொரு குறியீட்டோடும் ஓர் அளவு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதுவே பில்லின் அலகு. டோப்பமினுக்குரிய ஜே 1265இல் 40 மில்லிகிராம் ஓர் அலகு. டோபியூட்டமினுக்குரிய ஜே 1250இல் 250 மில்லிகிராம் ஓர் அலகு. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் 200 மில்லிகிராம் டோப்பமின் குப்பி ஒன்று இக்கணக்கில் ஐந்து அலகு. 250 மில்லிகிராம் டோபியூட்டமின் குப்பி ஒன்றே ஓர் அலகு. அறியாத ஒருவர் டோப்பமின் 200 மில்லிகிராம் என்பதை 200 அலகு என்று எழுதிவிட்டால், அது 8,000 மில்லிகிராமுக்கு, அதாவது நாற்பது குப்பிகளுக்குக் கோரிக்கை விடுத்ததாகும். அத்தகைய கோரிக்கை திருப்பப்படும். திருப்பப்படாவிடில் பின்னர் தணிக்கையில் சிக்கும்.

அலகு மாறுவதால் வரும் குழப்பத்திற்கு அட்ரினலினே சான்று. 2010 முடிய அதற்குரிய ஜே 0170 என்னும் குறியீட்டில், 1 மில்லிலிட்டர் வரையுள்ள ஒரு குப்பி ஓர் அலகு. 2011 ஜனவரியில் அதனை நீக்கி ஜே 0171 என்னும் குறியீட்டைக் கொண்டுவந்தனர், அதில் 0.1 மில்லிகிராம் ஓர் அலகு. டிசம்பர் 31 அன்று ஓர் அலகாயிருந்த 1 மில்லிகிராம் குப்பி, மறுநாள் பத்து அலகாயிற்று. மருந்தில் ஒரு துளியும் மாறவில்லை. புதிய முறையே நல்லதென்பது நம் கருத்து. குப்பியைக் கொண்டு எண்ணினால் நோயாளிக்குச் சென்றது எவ்வளவு என்பது மறைந்துவிடுகிறது. 0.5 மில்லிகிராம் போட்டால் ஐந்து அலகு என்று தெளிவாகிறது.

எஞ்சிய அரைக்குப்பி என்னாகும்? திறந்த கண்ணாடிக் குப்பியை மற்றொரு நோயாளிக்கு வைத்திருத்தல் கூடாதாகையால் அது கொட்டப்படும். அதனையும் கணக்கில் காட்டுவதற்காக ஜே டபிள்யூ என்னும் பின்னொட்டை 2017 ஜனவரி முதல் அமெரிக்க மெடிகேர் திட்டம் கட்டாயமாக்கியது. கொட்டியது ஏதுமில்லையெனில் அதனையும் ஜே இசட் என்று கூறவேண்டும் என்பது 2023 ஜூலை முதல் வந்த விதி. ஒன்றும் எழுதாமல் விட்டால், கொட்டவில்லையா, எழுத மறந்தாரா என்பது விளங்காதன்றோ! இப்பட்டியல் காலாண்டுதோறும் திருத்தப்படுவது. ஆகையால் இங்குக் காட்டிய எண்கள் முறையை விளக்குவதற்கே. பணியில் இருப்போர் அவ்வக் காலாண்டின் பட்டியலையே நோக்குதல் வேண்டும்.

கடல் கடந்த நாட்டின் பட்டியல் நமக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். சென்னையிலும் ஹைதராபாத்திலும் உள்ள அலுவலகங்களில் அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்துக் குறியீடிடும் வேலையைப் பல்லாயிரம் இளைஞர்கள் செய்து வருகின்றனர். அவ்விரு நகரங்களுக்கும் இடையே அமைந்த சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி முதலிய ஊர்களில் உயிரியலோ மருந்தியலோ பயின்ற பட்டதாரிகள் இவ்வேலையை நாடுவது இயற்கை. ஆசிரியர்களிடம் அவர்கள் ஆலோசனை கேட்கும்போது, இது மனப்பாடத் தொழில் என்று சொல்லி அனுப்புதல் தகாது. உடற்கூறும், அளவை மாற்றும் கணிதமும், ஆங்கிலத்தை ஐயமறப் படிக்கும் திறனும் இதற்கு அடிப்படை.

நம் மாநிலத்து முறை

ஆந்திரப் பிரதேசத்தில் பில் எழுதும் முறை இதனின் வேறானது. 2007 ஏப்ரலில் மூன்று மாவட்டங்களில் தொடங்கப்பெற்ற ஆரோக்யஸ்ரீ திட்டம் 2008இல் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. பின்னர் ஆட்சிகள் மாறியபோது பெயர்களும் மாறின. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தது. இவற்றில் மருந்துக்கு மருந்து விலை கேட்பதில்லை. ஒரு சிகிச்சைக்கு ஒரு தொகுப்புக் கட்டணம். அதனுள் படுக்கை, பரிசோதனை, மருந்து யாவும் அடக்கம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், அறுவையில்லாத சிகிச்சைகளுக்குப் பொதுப்பிரிவு, உயர்கவனிப்புப் பிரிவு, தீவிரச் சிகிச்சைப் பிரிவு என்னும் வகைக்கேற்ப நாட்கணக்கில் தொகை அமைவது பெரும்பான்மை. அமெரிக்காவிலும் படுக்கையில் சேர்ந்த முதியோர்க்கு மெடிகேர் 1983 முதல் நோய்த்தொகுதிக்கு ஒரு தொகை என்றே கொடுத்து வருகிறது. ஜே குறியீட்டின் அலகுக் கணக்கு பெரும்பாலும் புறநோயாளர் பிரிவுக்கே உரியது.

அங்ஙனமாயின் தொகுப்பு முறையில் நாரட்ரினலின் குப்பிகளை எண்ணுவது வீண்வேலையா? அன்று. மருந்துக்கு மருந்து விலை பெறும் முறையில், மிகுதியாக எழுதினால் மிகுதியாகப் பணம் வரும். மிகைப்படுத்தும் ஆசை அங்கே. தொகுப்பு முறையிலோ ஒவ்வொரு குப்பியும் மருத்துவமனையின் பங்கிலிருந்து செலவாகிறது. குறைத்துக் கொடுக்கவோ நோயாளியின் உறவினரை வெளியே வாங்கிவரச் சொல்லவோ தூண்டும் ஆசை இங்கே. இரண்டையும் காட்டிக்கொடுப்பது பதிவேடே. மேலும், நோயாளி தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தது தேவைதானா என்று தணிக்கையாளர் ஐயுறும்போது, மணிதோறும் எழுதிய இரத்த அழுத்தமும் மருந்து ஓடிய வேகமும் உறுதியான சான்றாகின்றன. தொகுப்புக்குள் அடங்கிய மருந்துக்கு நோயாளியிடம் தனியே பணம் பெறுதல் கூடாது என்பதைக் களப்பணியாளர் கிராம மக்களுக்கு எடுத்துச் சொல்லலாம். ஐயமிருப்பின் மருத்துவமனையில் அத்திட்டத்திற்கென அமர்த்தப்பட்டிருக்கும் உதவியாளரை அணுகும்படி கூறலாம்.

திட்டத்துக்கு வெளியே சொந்தப் பணத்தில் சிகிச்சை பெறுவோர்க்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. அட்ரினலினும் நாரட்ரினலினும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றவை. அப்பட்டியலைத் தழுவி 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் குறிப்பிட்ட செறிவுக்கு உச்சவிலை வகுக்கப்படுகிறது. பில்லில் மருந்தின் பெயரும் செறிவும் எண்ணிக்கையும் இல்லாமல் 'ஊசி மருந்துகள்' என்று ஒரே வரியாகத் தொகை எழுதியிருந்தால் உச்சவிலையோடு ஒப்பிட வழியில்லை. விவரமான பில் கேட்டுப் பெறுதல் நோயாளியின் உரிமை.

இனி, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'அட்ரினலின் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதுதல் போதாது. 'அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தசை வழி, காலை 7.40, எஞ்சிய 0.5 மில்லிகிராம் கொட்டப்பட்டது. விஷமுறிவுச் சீரத்தால் ஒவ்வாமை அதிர்ச்சி' என்று இரண்டு வரிகளில் எழுதிவிடலாம். இருப்புப் பதிவேட்டுக்கு ஒரு குப்பி என்பதும், நோய்க்குறியீட்டுக்கு டி 80.5 என்பதும் இவ்வரிகளிலிருந்தே கிடைக்கும். இவற்றுள் நேரமே மிக முக்கியமானது. தசையில் போட்ட அட்ரினலினின் வேகம் சில நிமிஷங்களில் தணியத் தொடங்குவதாகலின், குறி மாறாவிடில் மறுமுறை போடுவதுண்டு. ஏழு நாற்பதுக்கா எட்டு நாற்பதுக்கா என்று தெரிந்தாலன்றித் திருப்பதியில் நோயாளியை ஏற்கும் மருத்துவரால் அதனைத் தீர்மானிக்க இயலாது.